வென், வேர், வொய், ஹவ்: ஆங்கிலக் கேள்விச் சொல் வாக்கியத்துக்குள் போனால் என்ன ஆகும்?

"ஐ டோன்ட் நோ வேர் டஸ் ஹி லிவ்." ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. சொல்ல வந்தது புரிந்துவிடுகிறது. ஆனாலும் வாக்கியம் தப்பு. "ஐ டோன்ட் நோ வேர் ஹி லிவ்ஸ்" என்று இருக்க வேண்டும். சிங்கப்பூர் வேலைக்கோ கப்பல் வேலைக்கோ நேர்காணலில் உட்காரும்போது எதிரே இருப்பவர் காதில் உறுத்துகிற தப்புகளில் இதுவும் ஒன்று. பள்ளியில் இந்தப் பாடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று, நிதானமாகப் பார்க்கலாம்.

நம் வாயில் இந்தத் தப்பு இவ்வளவு ஊறிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசி வளர்கிறோம். இந்த விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே வழிதான். தமிழில் "அவன் எங்கே குடியிருக்கிறான்?" என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் "என்று தெரியவில்லை" சேர்த்தால் வேலை முடிந்தது. பர்மியத்தில் "தூ பெமா நேலே?" என்பது கேள்வி. "தூ பெமா நேலே மதிபூ" என்றால் அவன் எங்கே குடியிருக்கிறான் என்று தெரியவில்லை. கேள்விக்கே உரிய அந்த "லே" கூட உள்ளே அசையாமல் நிற்கிறது. இரண்டு மொழி பழக்கிவிட்டதை மூன்றாவது மொழிக்கும் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான். பிள்ளையின் அறிவில் குறை எதுவும் இல்லை.

ஆங்கிலத்தில் "எங்கே, எப்போது, ஏன், எப்படி" என்று கேட்கும்போது கேள்விச் சொல் மட்டும் போதாது. சொற்களின் வரிசையும் மாற வேண்டும். "ஹி லிவ்ஸ்" என்று நேராக இருப்பது "டஸ் ஹி லிவ்" என்று புரளும்போதுதான் அது கேள்வி. கேள்விச் சொல் முன்னால் இருந்தாலும், வரிசை நேராக இருந்தால் அது கேள்வி ஆகாது, வேறொரு பெரிய வாக்கியத்துக்குள் உட்காரத் தயாரான ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குத்தான் சபார்டினேட் கிளாஸ், தமிழில் துணைவாக்கியம் என்று பெயர். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

எடுத்துக்கொள்ளும் சொற்கள் நான்கு: வென், வேர், வொய், ஹவ். எப்போது, எங்கே, ஏன், எப்படி. ஆங்கில இலக்கணக்காரர்கள் இவற்றைக் கேள்வி கேட்கும் வினையடைகள் என்பார்கள். ஹூ, வாட், விச் போன்றவை பெயருக்குப் பதிலாக வருபவை. அவற்றுக்கும் பாதி விதி இதேதான் என்றாலும் இங்கே அவற்றைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்வோம்.

முதல் படி: டூ, டஸ், டிட்டை வழியனுப்புதல்

"வேர் டஸ் யுவர் அங்கிள் லிவ்?" உங்கள் மாமா எங்கே குடியிருக்கிறார் என்ற கேள்வி. இதை "டெல் மி" என்பதற்குப் பின்னால் வைக்கப் போகிறோம்.

"டஸ்" இங்கே வந்திருப்பதே கேள்வி கேட்பதற்காக. கேள்வி போய்விட்டால் அதற்கு வேலை இல்லை, கிளம்பிவிடும். ஆனால் சும்மா கிளம்பாது. தன்னிடம் இருக்கும் கடைசி "ஸ்" ஒலியை லிவ்விடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். "டெல் மி வேர் யுவர் அங்கிள் லிவ்ஸ்."

"டிட்" தன்னிடம் இருக்கும் இறந்தகாலத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். "வென் டிட் த பஸ் லீவ்?" என்பது "ஐ டோன்ட் நோ வென் த பஸ் லெஃப்ட்" ஆகும். லீவ், லெஃப்ட் ஆகிவிட்டதைக் கவனியுங்கள். "டூ"விடம் கொடுக்க எதுவும் இல்லை. "வொய் டூ தே க்ளோஸ் ஏர்லி?" என்பது "ஐ நோ வொய் தே க்ளோஸ் ஏர்லி" என்று ஆவதோடு சரி.

விதியைப் பாதி கற்றுக்கொண்டவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, டஸ்ஸை எடுத்துவிட்டு "ஸ்" சேர்க்க மறந்துவிடுவது: "டெல் மி வேர் யுவர் அங்கிள் லிவ்." இன்னொன்று, டிட்டை எடுக்காமல் இடம் மட்டும் மாற்றுவது: "ஐ டோன்ட் நோ வென் த பஸ் டிட் லீவ்." இரண்டாவதில் அழுத்திச் சொல்கிற ஒரு தொனி வந்துவிடும், நாம் சொல்ல வந்தது அது இல்லை.

எதிர்மறையில் மட்டும் டூ குடும்பம் வெளியேறாது. "வொய் டிடின்ட் ஹி கம்?" என்பது "ஐ நோ வொய் ஹி டிடின்ட் கம்" ஆகும். "நாட்" தொற்றிக்கொள்ள ஒரு துணைவினை (டூ, டிட், வில் போல முக்கிய வினைக்குத் துணையாக வருவது) வேண்டும் என்பதால் டிட் அங்கேயே தங்கிவிடுகிறது. இடம் மட்டும் மாறும்.

இரண்டாம் படி: இஸ், வில், கேன் வந்தால் இடம் மாற்றினால் போதும்

இது எளிது. "வென் வில் த ட்ரெயின் கம்?" என்பது "நோபடி நோஸ் வென் த ட்ரெயின் வில் கம்" ஆகும். ரங்கூன் சுற்று ரயிலுக்காகக் காத்து நின்றவர்களுக்கு இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். "ஹவ் கேன் ஐ அப்ளை?" என்பது "ப்ளீஸ் டெல் மி ஹவ் ஐ கேன் அப்ளை" ஆகும்.

கவனம் வேண்டியது "இஸ்" கடைசியில் போய் நிற்கிற இடத்தில். "கேன் யூ டெல் மி வேர் த காளி டெம்பிள் இஸ்?" வாக்கியம் முடியாமல் தொங்குவது போல நம் காதுக்குத் தோன்றும். அதனால்தான் பலர் "இஸ்"ஸை முன்னால் இழுத்துவிடுகிறார்கள். இழுக்காதீர்கள். அது இருக்க வேண்டிய இடமே கடைசிதான். அங்கே அதைச் சுருக்கவும் கூடாது. "ஐ நோ வேர் ஹி இஸ்" என்பதை "ஐ நோ வேர் ஹீஸ்" என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் "இஸ்" முழுதாக ஒலிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஹவ் தனியாகப் போகாது

"ஹவ்" ஒரு பண்புச் சொல்லோடு ஜோடி சேர்ந்து வரும்போது அந்த ஜோடியைப் பிரிக்கவே கூடாது. ஹவ் ஃபார், ஹவ் ஓல்ட், ஹவ் மச், ஹவ் லாங் எல்லாம் ஒட்டிப் பிறந்தவை.

"ஹவ் ஃபார் இஸ் பெகு?" பெகு எவ்வளவு தூரம்? இதை உள்ளே வைத்தால் "டூ யூ நோ ஹவ் ஃபார் பெகு இஸ்?" என்று வரும். "ஹவ் பெகு இஸ் ஃபார்" என்று சொன்னால் கேட்பவர் உண்மையிலேயே குழம்பிவிடுவார். போஜோ மார்க்கெட்டில் வெளிநாட்டுக்காரருக்கு உதவப் போனால் இப்படிச் சொல்லலாம்: "ஐ வில் ஆஸ்க் ஹர் ஹவ் மச் திஸ் லுங்கி காஸ்ட்ஸ்." இந்த லுங்கி என்ன விலை என்று அந்தம்மாவிடம் கேட்கிறேன். டஸ் போய்விட்டது, காஸ்ட் என்பது காஸ்ட்ஸ் ஆகிவிட்டது, ஹவ் மச் பிரியாமல் சேர்ந்தே நிற்கிறது.

"ஹவ் மெனி பீப்பிள் கேம்?" போன்ற கேள்விகளில் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. வந்தவர்கள்தான் எழுவாய், எழுவாய் ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது. "ஐ டோன்ட் நோ ஹவ் மெனி பீப்பிள் கேம்." ஹூவும் வாட்டும் எழுவாயாக வரும்போதும் இப்படித்தான்.

நான்காம் படி: "என்று" என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்

தமிழில் "எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்" என்கிறோம். அந்த "என்று" இல்லாமல் நமக்கு வாக்கியமே நிற்காது. அதனால் கை தன்னால் "தட்" போட்டுவிடும்: "ஹி ஆஸ்க்ட் தட் வேர் ஐ லிவ்ட்." தப்பு. கேள்விச் சொல்லே இணைக்கிற வேலையையும் செய்கிறது. ஒரு இணைப்புக்கு இரண்டு கொக்கி வேண்டாம். "ஹி ஆஸ்க்ட் வேர் ஐ லிவ்ட்" போதும்.

முன்னால் வரும் வினைகளிலும் சின்னச் சின்னக் கணக்கு இருக்கிறது. "ஹி ஆஸ்க்ட் மி வொய்" சரி, "ஹி ஆஸ்க்ட் டு மி" சரியில்லை. "எக்ஸ்ப்ளெய்ன்" இதற்கு நேர் எதிர்: "எக்ஸ்ப்ளெய்ன் டு மி ஹவ் இட் வொர்க்ஸ்" என்று "டு" கட்டாயம் வேண்டும். "டெல்" வந்தால் யாரிடம் சொல்வது என்பதைப் பெரும்பாலும் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "டெல் மி", "டெல் ஹர்", "டெல் அஸ்".

எழுதும்போது கேள்விக்குறியைப் போடுவதா வேண்டாமா என்ற சந்தேகம் வரும். வெளியே இருக்கும் பெரிய வாக்கியத்தைப் பாருங்கள். "டூ யூ நோ வேர் த ஸ்டேஷன் இஸ்" என்பதில் வெளி வாக்கியமே கேள்வி, ஆகவே கேள்விக்குறி உண்டு. "ஐ டோன்ட் நோ வேர் த ஸ்டேஷன் இஸ்" என்பது வெறும் செய்தி, ஆகவே முற்றுப்புள்ளி. உள்ளே எத்தனை கேள்விச் சொல் இருந்தாலும் குறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்தாம் படி: நேர்காணல் முடிந்து வெளியே வந்து கதை சொல்லும்போது

நேர்காணலுக்குப் போய்வந்த பிள்ளையிடம் என்ன கேட்டார்கள் என்று நாம் விசாரிப்போம். "எங்கே குடியிருக்கேன்னு கேட்டாங்க, பழைய வேலையை ஏன் விட்டேன்னு கேட்டாங்க, எப்போ சேர முடியும்னு கேட்டாங்க" என்று சொல்லும். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒருவருக்கு எழுத வேண்டியிருந்தால்?

கேட்கப்பட்ட கேள்விகள்: "வேர் டூ யூ லிவ்? வொய் டிட் யூ லீவ் யுவர் லாஸ்ட் ஜாப்? வென் கேன் யூ ஸ்டார்ட்?"

எழுத வேண்டியவை: "தே ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட். தே ஆஸ்க்ட் வொய் ஐ ஹேட் லெஃப்ட் மை லாஸ்ட் ஜாப். தே ஆஸ்க்ட் வென் ஐ குட் ஸ்டார்ட்."

மூன்று மாற்றம் ஒரே நேரத்தில் நடக்கிறது. வரிசை நேராகிறது. "யூ" என்பது "ஐ" ஆகிறது. காலம் ஒரு படி பின்னால் நகர்கிறது: லிவ் என்பது லிவ்ட், டிட் லீவ் என்பது ஹேட் லெஃப்ட், கேன் என்பது குட். தமிழில் காலம் நகராது. "எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார்கள்" என்று நிகழ்காலத்தையே வைத்துக்கொள்வோம். அதனால் இந்த மூன்றாவது மாற்றம்தான் கடைசியில் பழகும். இப்போதும் நீங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் "தே ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்" என்று நிகழ்காலத்தில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எழுத்தில் பின்னால் நகர்த்துவதே பாதுகாப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, என் மனசுக்கு இதுதான் இந்தப் பாடத்தின் பெரிய பலன். தமிழில் மரியாதை வேண்டுமென்றால் "ங்க" சேர்க்கிறோம். பர்மியத்தில் ஆண்கள் "கம்யா" என்றும் பெண்கள் "ஷின்" என்றும் கடைசியில் சேர்த்தால் பேச்சு பணிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படிச் சேர்க்கத் தனி ஒட்டு கிடையாது. "சார்", "மேடம்" உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்தாது. கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்பதுதான் அவர்களுடைய பணிவு. "வென் வில் யூ பே மி?" என்று கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். "குட் யூ டெல் மி வென் ஐ வில் பி பெய்ட்?" என்று கேட்டால் அதே சம்பளத்தைத்தான் கேட்கிறீர்கள், ஆனால் எதிரே இருப்பவர் உட்காரச் சொல்லிப் பதில் சொல்வார். "ஐ வாஸ் வொண்டரிங் வென்", "மே ஐ நோ வொய்", "குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் ஹவ்" எல்லாம் இந்த வகைதான். வெளிநாட்டில் முதலாளியிடமோ அதிகாரியிடமோ நம் பிள்ளைகள் முரட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்ற பெயர் வருவதற்கு மனசு காரணமில்லை, இந்த ஒரு வாக்கிய அமைப்பு பழகாததுதான் காரணம். அதனால் இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

ஆறாம் படி: நடுவில் "டூ யூ திங்க்" வந்தால்

இது கொஞ்சம் நுணுக்கம். "அவன் எங்கே இருப்பான் என்று நினைக்கிறாய்?" என்பதை "டூ யூ திங்க் வேர் ஹி இஸ்?" என்று சொல்லிவிடுவோம். "டூ யூ நோ வேர் ஹி இஸ்?" சரியாக இருப்பதால் இதுவும் சரி என்றே தோன்றும். இல்லை. "நோ" வந்தால் தெரியுமா தெரியாதா என்பதுதான் கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லலாம். "திங்க்" வந்தால் இடத்தையே கேட்கிறோம், ஆமாம் என்று பதில் சொல்ல முடியாது. ஆகவே கேள்விச் சொல் வாக்கியத்தின் தலைக்கே போய்விட வேண்டும்: "வேர் டூ யூ திங்க் ஹி இஸ்?" புரளுவது "டூ யூ" மட்டும்தான், உள்ளே "ஹி இஸ்" நேராகவே இருக்கிறது. "வென் டூ யூ திங்க் த ரெயின் வில் ஸ்டாப்?" என்பதும் இதே மாதிரி.

ஏழாம் படி: "டு" போட்டுச் சுருக்குதல்

"ஐ டோன்ட் நோ வேர் ஐ ஷுட் கோ" என்பதை "ஐ டோன்ட் நோ வேர் டு கோ" என்று சுருக்கலாம். ஹவ் டு குக், வென் டு ஸ்டாப், வேர் டு சைன். எழுவாய் வேண்டாம், காலம் வேண்டாம், வரிசைக் கவலையும் இல்லை. தடுமாறும்போது ஒதுங்கிக்கொள்ள நல்ல இடம். வொய் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது: "ஐ டோன்ட் நோ வொய் டு கோ" என்று சொல்வதில்லை, "வொய் ஐ ஷுட் கோ" என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: பாட்டி பிறந்த ஊர்

இதுவரை பார்த்த துணைவாக்கியங்கள் ஒரு பெயர்ச்சொல் நிற்கும் இடத்தில் நின்றன. இனி பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் நின்று அதை விளக்குகிறவை.

"பாட்டி பிறந்த ஊர்" என்கிறோம். விளக்கம் முன்னால், ஊர் பின்னால். பர்மியத்திலும் அதே வரிசை. ஆங்கிலத்தில் ஊர் முன்னால் வந்துவிடும், அதற்கு அப்புறம் கேள்விச் சொல், அதற்கு அப்புறம் விளக்கம். "மோல்மேன் இஸ் த டவுன் வேர் மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன்." தமிழில் கேள்விச் சொல் எதுவும் இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் "வேர்" முளைக்கிறது. மொழிபெயர்த்துக்கொண்டே பேசுகிறவர்களுக்கு இது கிடைக்காது. தனியாகப் பழகத்தான் வேண்டும்.

இடத்தைக் குறிக்கும் சொல் வந்தாலே "வேர்" போட்டுவிடக் கூடாது. ஊரைத் திரும்ப உள் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். "பாட்டி அந்த ஊரில் பிறந்தாள்." ஊரில் என்று "இல்" வருகிறது, ஆகவே வேர். "அந்த ஊர் எனக்குப் பிடிக்கும், அந்த ஊரைப் பார்த்தேன், அந்த ஊர் ஆற்றோரம் இருக்கிறது." இங்கெல்லாம் "இல்" இல்லை, ஆகவே விச் அல்லது தட்: "மோல்மேன் இஸ் த டவுன் விச் ஐ லைக் பெஸ்ட்." தமிழ் வேற்றுமை உருபு ஆங்கிலத்துக்கு இவ்வளவு நேராக உதவுகிற இடம் அதிகம் இல்லை, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: "வேர்" என்பதிலேயே "அங்கே" அடங்கியிருக்கிறது. "த டவுன் வேர் மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன் தேர்" என்று கடைசியில் இன்னொரு "அங்கே" ஒட்ட வேண்டாம்.

நாள், ஆண்டு, காலம் இவற்றுக்கு வென். "1942 வாஸ் த இயர் வென் தௌசண்ட்ஸ் ஆஃப் அவர் பீப்பிள் வாக்ட் டு இண்டியா." ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா போன ஆண்டு. "ஜனவரி 4 இஸ் த டே வென் பர்மா பிகேம் இண்டிபெண்டன்ட்." 1948இல் பர்மா விடுதலை அடைந்த நாள். வென்னை விட்டுவிட்டு "த டே பர்மா பிகேம் இண்டிபெண்டன்ட்" என்றாலும் சரியே.

வொய் இந்த இடத்தில் "ரீசன்" என்ற ஒரே சொல்லோடுதான் சேரும்: "த ரீசன் வொய் ஹி லெஃப்ட்." ஹவ் சேரவே சேராது. "த வே ஹவ் ஷி குக்ஸ்" தப்பு. "த வே ஷி குக்ஸ்" என்று சொல்லுங்கள், அல்லது "ஹவ் ஷி குக்ஸ்" என்று சொல்லுங்கள், இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஊர்ப்பெயரை நேராகச் சொல்லிவிட்டு விளக்கினால் இரண்டு பக்கமும் காற்புள்ளி வேண்டும்: "மோல்மேன், வேர் மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன், இஸ் அ க்வயட் டவுன்." பெயர் சொன்னதுமே எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது, மற்றது கூடுதல் தகவல் என்பதற்கு அந்தக் காற்புள்ளிகள் அடையாளம்.

ஒன்பதாம் படி: "எப்போது" ஆகாத வென்

"அவன் வந்ததும் சொல்கிறேன்." "மழை பெய்யும்போது போகாதே." இவற்றில் கேள்வி எதுவும் இல்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் வென்தான். இது காலத்தைக் காட்டும் துணைவாக்கியம். "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ."

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம். அவன் இனிமேல்தான் வரப் போகிறான், ஆனாலும் "வென் ஹி வில் கம், ஐ வில் டெல் யூ" என்று சொல்லக் கூடாது. இந்த வகை வென்னுக்குப் பின்னால் எதிர்காலத்துக்கும் நிகழ்கால வடிவமே வரும். ஆனால் முதலில் பார்த்த வகையில், "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" என்பதில், "வில்" தாராளமாக வரலாம். ஒரே சொல், இரண்டு வேலை, இரண்டு விதி.

எந்த வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் சொல்லிப் பாருங்கள். "எப்போது" வந்தால் வில் போடலாம். "போது" அல்லது "வந்ததும்" வந்தால் வில் கூடாது. பர்மியம் இந்த இடத்தில் இன்னும் நுட்பம்: நடந்து முடிந்ததைக் கேட்க "பெடோங்கா", நடக்கப் போவதைக் கேட்க "பெடோ" என்று எப்போதுக்கே இரண்டு சொல் வைத்திருக்கிறது. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே வென்னின் தலையில் ஏற்றிவிட்டு, பின்னால் வரும் வினையை வைத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது.

"டெல் மி வென் ஹி வில் கம்" என்றால் அவன் எப்போது வருவான் என்று இப்போதே சொல். "டெல் மி வென் ஹி கம்ஸ்" என்றால் பெரும்பாலும் அவன் வந்ததும் சொல். கிடங்கில் வேலை பார்க்கிறவரிடம் மேலாளர் "டெல் மி வென் த லாரி கம்ஸ்" என்று சொன்னால், நேரம் சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. லாரி வந்து நின்றதும் போய்ச் சொல்ல வேண்டும்.

வேரும் இப்படி வரும்: "புட் இட் வேர் ஐ கேன் சீ இட்." எனக்குத் தெரிகிற இடத்தில் வை. வொய் வராது. காரணம் சொல்ல "பிகாஸ்" இருக்கிறது. "ஐ வாஸ் லேட் வொய் த பஸ் பிரோக் டவுன்" என்று யாராவது சொன்னால், "ஏன்னா" என்பதில் இருக்கும் "ஏன்" ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

பத்தாம் படி: "அதனால்தான்", "இப்படித்தான்"

"தட் இஸ் வொய்", "திஸ் இஸ் ஹவ்", "தட் இஸ் வென்", "திஸ் இஸ் வேர்". இவற்றின் பின்னாலும் நேர் வரிசைதான். "திஸ் இஸ் ஹவ் வீ மேக் மொஹிங்கா." நாங்கள் மொஹிங்கா, அதாவது பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ், செய்வது இப்படித்தான். "திஸ் இஸ் ஹவ் டூ வீ மேக்" என்று போய்விடாதீர்கள்.

"தட் இஸ் வொய்" என்பதையும் "தட் இஸ் பிகாஸ்" என்பதையும் மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. முதலாவதற்குப் பின்னால் விளைவு வரும், இரண்டாவதற்குப் பின்னால் காரணம் வரும். 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆயின. அதைச் சொல்லிவிட்டு "தட் இஸ் வொய் மெனி ஃபேமிலிஸ் லெஃப்ட்" என்று தொடரலாம். முதலில் குடும்பங்கள் போனதைச் சொல்லிவிட்டால் "தட் இஸ் பிகாஸ் த ஷாப்ஸ் வெர் நேஷனலைஸ்ட்" என்று தொடர வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் கதையை வெளிநாட்டு நண்பருக்குச் சொல்லும்போது இந்த இரண்டும் புரண்டுவிட்டால் கதையே தலைகீழாகிவிடும்.

"எவர்" சேர்த்த சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. வெனெவர் என்றால் எப்போதெல்லாம், வேரெவர் என்றால் எங்கே போனாலும், ஹவெவர் என்றால் எவ்வளவுதான் என்றாலும். "வெனெவர் இட் ரெயின்ஸ், அவர் ஸ்ட்ரீட் ஃப்ளட்ஸ்." ஹவெவருக்குப் பக்கத்திலேயே பண்புச் சொல் வர வேண்டும், மூன்றாம் படியில் சொன்ன ஜோடி விதிதான்: "ஹவெவர் டயர்ட் ஷி இஸ், ஷி குக்ஸ்." எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சமைத்துவிடுவாள்.

பழகும் முறை

புத்தகத்துப் பயிற்சிகளைவிட உங்கள் வைபர், மெசஞ்சர் செய்திகளிலிருந்தே கேள்விகளை எடுங்கள். அன்றைக்கு யார் யாரிடம் எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று கேட்டீர்களோ அதை ஆங்கிலத்தில் நேர்க் கேள்வியாக எழுதுங்கள். அதன் கீழே "ஐ டோன்ட் நோ" என்று ஆரம்பித்து ஒன்று, "குட் யூ டெல் மி" என்று ஆரம்பித்து ஒன்று, "ஷி ஆஸ்க்ட் மி" என்று ஆரம்பித்து ஒன்று. எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வரிசை கண்ணுக்குப் பழகினால் போதாது, வாய்க்குப் பழக வேண்டும். தோழனோ தங்கையோ பக்கத்தில் இருந்தால் ஒருவர் நேர்க் கேள்வியைச் சொல்ல, இன்னொருவர் உடனே உள்ளே வைத்துத் திருப்பிச் சொல்லலாம். டீக்கடையில் லஃபெயே (பர்மிய டீ) வரும்வரை இதையே ஒரு விளையாட்டாக ஆடலாம்.

இப்போதே சிலவற்றை முயன்று பாருங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

அடுத்த பஸ் எப்போது புறப்படும் என்று சொல்ல முடியுமா? அவள் ஏன் அழுதாள் என்று யாருக்கும் தெரியாது. இந்த அறை எவ்வளவு பெரியது என்று அவர் கேட்டார். நான் வேலை பார்த்த கடை மூடிவிட்டது. அம்மா வந்ததும் சாப்பிடுவோம். அவன் எப்போது திரும்பி வருவான் என்று நினைக்கிறீர்கள்?

விடைகள் அதே வரிசையில்: "கேன் யூ டெல் மி வென் த நெக்ஸ்ட் பஸ் லீவ்ஸ்?" இதில் "வில் லீவ்" என்றாலும் சரி, கால அட்டவணைப்படி ஓடுவதற்கு நிகழ்காலம் இயல்பு. "நோபடி நோஸ் வொய் ஷி க்ரைட்." "ஹி ஆஸ்க்ட் ஹவ் பிக் த ரூம் வாஸ்." "த ஷாப் வேர் ஐ வொர்க்ட் ஹேஸ் க்ளோஸ்ட்." கடையில் வேலை பார்த்தேன் என்று "இல்" வருவதால் வேர். "வீ வில் ஈட் வென் மதர் கம்ஸ்." இதில் கம்ஸுக்கு முன்னால் வில் போட்டிருந்தால் ஒன்பதாம் படியை மறுபடி படியுங்கள். கடைசியானது "வென் டூ யூ திங்க் ஹி வில் கம் பேக்?" "டூ யூ திங்க் வென்" என்று ஆரம்பித்திருந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.